வாத்துத் தோட்டத்துத் தண்டவாளம் எங்கே போனது?

இந்த ஆண்டு ஆடி மாதம் ஐந்து நாள் கோலாலம்பூர் பக்கம் போய் வந்தேன். இரட்டைக் கோபுரத்தின் முன்னால் நின்று படம் எடுக்கப் போகவில்லை. அதற்கு ஆயிரம் பதிவுகள் இருக்கின்றன, அங்கே போய்ப் படித்துக்கொள்ளுங்கள். நான் போனது ஒரு இரும்புத் துண்டைத் தேடி. பகலில் கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா வேலை, சாயங்காலம் துப்பறியும் நாவல் என்று பிழைப்பை ஓட்டுகிற ஆள் நான் என்பது இந்த வலைப்பூவுக்கு வருகிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்கள் இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

போன வருஷம் இங்கே ஒரு வேண்டுகோள் போட்டிருந்தேன். உங்கள் ஊரில் விடை தெரியாமல் கிடக்கும் பழைய சங்கதி ஏதாவது இருந்தால் எழுதுங்கள், பிடித்திருந்தால் நாவலாக்குகிறேன் என்று. வந்ததில் பாதி பேய்க்கதை, மீதி புதையல். ஒன்றே ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. மலேசியாவில் கிள்ளான் என்ற ஊரிலிருந்து பவானி என்ற வாசகி எழுதியிருந்தார். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்ப்பவர். பிறந்து வளர்ந்தது ஒரு ரப்பர் தோட்டத்தில். அந்தக் காலத்து வெள்ளைக்கார மேனேஜர் ஒருவர் பங்களாவில் வாத்து வளர்த்தாராம். அதனால் ஆட்களுக்கு அது வாத்துத் தோட்டம். காகிதத்தில் வேறு ஏதோ பெயர் இருந்தது, அதை யாரும் சொன்னதில்லை.

அந்தத் தோட்டத்தில் ஒரு மரக்கிளையில் தண்டவாளத் துண்டு ஒன்றைச் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். விடிகாலை ஐந்து மணிக்கு அதை அடித்தால் எல்லா ஆட்களும் எழுந்து பெரட்டுக்கு வர வேண்டும். பெரட்டு என்றால் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பது. அடிப்பவர் பெயர் காத்தமுத்து. ஏறக்குறைய முப்பது வருஷத்துக்கு முன்னால் தோட்டத்தை வீடு கட்டுகிற கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். ஆட்கள் குடியிருந்த லயன் என்ற வரிசை வீடுகளை இடிக்கும் முன், அந்தத் தண்டவாளத்தை மட்டும் கையோடு கொண்டுபோய்ப் புதுக் கோயிலில் மணியாகத் தொங்கவிடுவது என்று ஆட்கள் கூடி முடிவு செய்தார்கள். தூக்கப் போன அன்று மரத்தில் சங்கிலிதான் தொங்கியது. காத்தமுத்து பழைய இரும்புக் கடையில் போட்டுக் காசாக்கிவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. அவர் சாகும்வரை அது ஓயவில்லை.

கடைசியில் பவானி இப்படி முடித்திருந்தார்: "காத்தமுத்து என் அப்பா. நாவல் எழுதுவதாக இருந்தால் எழுதுங்கள். அதற்கு முன்னால் அந்த இரும்பு எங்கே போனது என்று கண்டுபிடியுங்கள்."

நான் எழுதத் தொடங்கிவிட்டேன். பதினான்காவது அத்தியாயம் வந்தபோது ஒரு சிக்கல். கதைப்படி பார்த்தால் காத்தமுத்துவே திருடனாக இருப்பதுதான் எனக்கு வசதி. தினமும் அடித்தவனே ஒருநாள் அதைத் திருடினான் என்றால் வாசகர் நிமிர்ந்து உட்காருவார். பதிப்பாளரும் அதையே சொன்னார். ஆனாலும் அந்தப் பெண் என்னிடம் கேட்டது ஒன்று, நான் செய்யப்போவது ஒன்று என்று மனது உறுத்திக்கொண்டே இருந்தது. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் இடத்தையாவது பார்த்துவிடுவோம் என்று டிக்கெட் எடுத்தேன்.

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது, நாலு மணி நேரம். விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு வேக ரயிலும் உண்டு, விலை கடிக்கும். நான் பேருந்தில் வந்தேன். அந்த ஊர்ப் பணத்தில் பதினைந்து ரிங்கிட், ஒரு மணி நேரம், கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் கொண்டுவந்து விடுகிறார்கள். அங்கிருந்து சாலையைக் கடந்தால் பிரிக்பீல்ட்ஸ். பெட்டியை உருட்டிக்கொண்டே நடந்து ஒரு சின்ன விடுதியில் அறை எடுத்தேன். ஒரு இரவுக்கு நூற்று நாற்பது ரிங்கிட். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் குளிர்சாதனப் பெட்டி என் முகத்தில் மூச்சு விட்டது. தூங்க மட்டும்தானே என்று விட்டுவிட்டேன்.

பிரிக்பீல்ட்ஸ் ஒரு காலத்தில் செங்கல் சுட்ட இடம், பெயரே அதைத்தான் சொல்கிறது. பிறகு ரயில்வே ஆட்களின் குடியிருப்புகள் வந்தன, தமிழர்கள் நிறைந்தார்கள். இப்போது பெரும்பகுதியில் கண்ணாடிக் கோபுரங்கள் நிற்கின்றன. ஆனால் தரைமட்டத்தில் இன்னும் பூக்கடையும் துணிக்கடையும் வாழை இலைச் சாப்பாடும்தான். சாப்பாடு பதினான்கு ரிங்கிட், கூட்டு இரண்டாம் தடவை கேட்டாலும் முகம் சுளிப்பதில்லை. வரலாறு என்றால் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருப்பது என்று நமக்கு ஒரு பழக்கம். இங்கே அது நடைபாதையில் கடை விரித்து உட்கார்ந்திருந்தது.

சாயங்காலம் ரயில் பாதை ஓரமாக நடந்தபோது ஒரு அரசமரத்தடியில் முனியாண்டி கோயில் பார்த்தேன். கோயில் என்றால் ஒரு மேடை, ஒரு சூலம், அதன் பக்கத்தில் மஞ்சள் துணி சுற்றி எலுமிச்சை மாலை போட்ட ஏதோ ஒன்று. துணிக்குள் கல்லா, கட்டையா என்று தெரியவில்லை. எதிரே பூ கட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். "சாமி லா," என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். அந்த ஊர்ப் பேச்சுக்கு இந்த லா ஒரு வால். இது ஒரு கேள்வியா என்ற தொனி அதில் இருந்தது. நானும் கும்பிட்டுவிட்டு வந்தேன். துப்பறியும் நாவல்காரன் என்று சொல்லிக்கொள்கிறவன் அந்த இடத்தில் இரண்டாவது கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் என்ற புறநகர் ரயிலில் ஏறினேன். கிள்ளானுக்கு டிக்கெட் ஐந்து ரிங்கிட்டுக்குள்தான், பயணம் ஒரு மணி நேரம். ரயில்கள் அடிக்கடி இல்லை, ஒன்றை விட்டால் அரை மணிக்கு மேல் காத்திருக்க நேரும். பெட்டிக்குள் பனிக்கட்டிக் குளிர், ஒரு துண்டு வைத்துக்கொள்ளுங்கள். கிள்ளானில் ஆற்றின் மேல் இரண்டு அடுக்குப் பழைய பாலம் இருக்கிறது, முன்பு மேலே வண்டிகள், கீழே நடக்கிறவர்கள். இப்போது மேலே வண்டி விடுவதில்லை, கீழ் அடுக்கில் மட்டும் ஆட்கள் நடக்கிறார்கள். பார்த்ததும் ஒரு கொலையை அங்கே வைத்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது. அது வேறு நாவலுக்கு.

பவானி அக்கா நிலையத்துக்குக் காரோடு வந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது, வெட்டிய முடி, வேகமான நடை. என்னைத் தம்பி என்றார், அக்கா என்று கூப்பிட எனக்கும் தயக்கம் வரவில்லை. ஊருக்கு வெளியே பதினான்கு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டுபோய் ஒரு பேரங்காடியின் வாகன நிறுத்தத்தில் காரை நிறுத்தினார். சாமான் வாங்கப் போகிறார் என்று நினைத்தேன். இறங்கி, சுற்றுமுற்றும் பார்த்து, தள்ளுவண்டிகள் அடுக்கியிருந்த மூலையைக் காட்டி, இதுதான் பெரட்டுக் களம் என்றார். அந்த மரம் நின்ற இடத்தில் இப்போது கட்டணம் செலுத்தும் இயந்திரம் இருக்கிறது.

அங்கே நின்றுகொண்டுதான் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அவர் கண்டபடி அடிக்க மாட்டாராம். சாமிக்குப் பொட்டு வைக்கிற மாதிரி எப்போதும் ஒரே இடத்தில்தான் சுத்தியல் விழும். அவருக்கு முன்னால் அடித்தவரும் அதே இடத்தில் அடித்தவர்தான். அதனால் தண்டவாளத்தின் தலைப்பகுதியில் ஓர் ஓரமாகக் குழி விழுந்திருக்கும். சின்ன வயதில் அப்பா தூக்கிப் பிடிக்க, அக்கா அந்தக் குழியில் கட்டை விரலை வைத்து அழுத்திப் பார்ப்பாராம். விரல் சரியாகப் போய் உட்காருமாம். சொல்லும்போதே வலது கட்டை விரலை ஆள்காட்டி விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நேராகக் கேட்டார்.

"தம்பி, நாவல்ல எங்கப்பாவ என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. இப்போதைக்கு அவர்தான் திருடன் என்றேன். பெயரை மாற்றியிருக்கிறேன், நாட்டைக்கூட மாற்றிவிடலாம் என்றெல்லாம் உளறினேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"பேர மாத்துனா எனக்குத் தெரியாதா? இங்க எல்லாரும் மனசுல அவர் பேரப் போட்டுத்தான் படிப்பாங்க. ஞாயித்துக்கிழம எங்க தோட்டத்து ஆளுங்க ஒன்றுகூடல் இருக்கு. அப்பா போன பெறகு நான் போறதில்ல. உங்களுக்காக வரேன். அங்க வந்து பாத்துட்டு அப்புறம் எழுதுங்க லா."

சனிக்கிழமை நான் தனியாக ரயிலின் கடைசி நிறுத்தமான போர்ட் கிள்ளானுக்குப் போனேன். அந்தப் பக்கம் பழைய இரும்புக் கடைகள் இருக்கின்றன. மூன்று கடைகளில் ஏறி, முப்பது வருஷத்துக்கு முன் விற்ற தண்டவாளம் பற்றி விசாரித்தேன். முதல் கடைக்காரர் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார், வெயிலில் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். இரண்டாவது கடைக்காரர், அது இந்நேரம் உருகி யார் வீட்டுக் கேட்டாகவோ நிற்கும் பாஸ் என்று சிரித்தார். மூன்றாவது கடையில் எனக்கே வெட்கமாகி, பழைய பூட்டு ஒன்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். படகுத்துறை அருகே மீன் சாப்பாடு நன்றாக இருந்தது, பதினெட்டு ரிங்கிட். பயணத்தில் அன்று உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான்.

ஞாயிறு காலை பவானி அக்கா என்னைக் கிள்ளான் நிலையத்திலிருந்து அழைத்துப் போனார். தோட்டத்து ஆட்களுக்கு ஒதுக்கிய தாமான், அதாவது வரிசை வீடுகள் கொண்ட குடியிருப்பு, அங்கிருந்து இருபது நிமிடம். ஓரத்தில் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த மாரியம்மன் கோயில். அதற்குப் பின்னால் பெரிய ஆலமரம், மரத்தடியில் முனியாண்டி. இங்கேயும் சூலம், இங்கேயும் மஞ்சள் துணி சுற்றிய ஒன்று, இடுப்பு உயரம், சிமென்ட் மேடையில் நட்டு வைத்திருந்தார்கள். இருநூறு பேராவது கூடியிருப்பார்கள். சிங்கப்பூரிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். பவானி அக்காவைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள், சிலர் சட்டென்று கைப்பேசியைப் பார்த்தார்கள். அவர் யாரிடமும் போகாமல் பந்தலின் கடைசி நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒன்றுகூடலை நடத்துபவர் மாணிக்கம் அண்ணன். அறுபத்தாறு வயது, லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். காத்தமுத்து இரும்பை விற்றுவிட்டார் என்று முதலில் சொன்னவர் இவர்தான் என்று அக்கா வரும் வழியிலேயே சொல்லியிருந்தார். வில்லன் மாதிரி ஒருவரை எதிர்பார்த்துப் போனேன். அவரோ என் கையைப் பிடித்து அழைத்துப்போய் முதலில் இட்லி வைத்தார். ஆடி மாதத்து முனியாண்டி பூசையையும் அவரேதான் செய்வார். துணியை அவிழ்த்து, குளிப்பாட்டி, சந்தனம் பூசிப் புதுத் துணி கட்டுவது வரை வேறு யாரும் பார்க்கக் கூடாது. வேட்டியைத் திரையாகப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். நான் உயரம் என்பதால் ஒரு முனையை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொன்னார்கள். திருப்பினேன், ஆனால் ரொம்பத் திருப்பவில்லை.

துணிக்குள் இருந்தது ஒரு தண்டவாளத் துண்டு.

அதைப் பார்த்தும் நான் உடனே துள்ளிக் குதிக்கவில்லை. மாணிக்கம் அண்ணனே அது தண்டவாளம் என்று தெரிந்துதான் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்து முனியாண்டிகள் சிலர் இப்படி இரும்பாகத்தான் நிற்பார்கள் என்று பின்னால் சொன்னார்கள். அவர் தேங்காய் நாரால் பழைய மஞ்சளைத் தேய்த்தார், பால் ஊற்றினார், துடைத்தார். பிறகு சந்தனத்தைக் கட்டை விரலில் எடுத்து, தேடாமல், தடவிப் பார்க்காமல், தலைப்பகுதியின் ஓரத்தில் ஒரு குழியில் வைத்து அழுத்தினார். விரல் சரியாகப் போய் உட்கார்ந்தது. அப்போதுதான் என் கையிலிருந்த வேட்டி நழுவியது.

புதுத் துணி கட்டித் தீபம் காட்டும்வரை எப்படியோ வாயை மூடிக்கொண்டிருந்தேன். பிறகு அவரை ஓரமாக அழைத்து, பொட்டு வைக்கிற குழி எப்படி வந்தது என்று கேட்டேன். அது சாமி கொடுத்த இடம், ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது என்றார். ஆரம்பம் என்றால் எப்போது என்றேன். இங்கே முதல் குடும்பம் குடிவந்தபோதே ஆலமரத்தடியில் இது மஞ்சள் துணி சுற்றி நட்டபடி நின்றதாம், யாரோ கற்பூரம் ஏற்றியிருந்தார்களாம். குடிவருவதற்கு முன்னால் இடத்தைச் சுத்தம் செய்ய யார் யார் வந்தார்கள் என்று கேட்டேன். நாலைந்து பேர் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தவர், காத்தமுத்து என்ற பெயரில் நின்றுவிட்டார். பிறகு தன் கட்டை விரலில் ஒட்டியிருந்த சந்தனத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பவானி அக்காவை நான் கூப்பிடவில்லை. மாணிக்கம் அண்ணனே நடந்துபோய்க் கூப்பிட்டார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அக்கா வந்து செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறினார். அப்போதுதான் கட்டிய துணியை அண்ணன் தன் கையால் ஒரு சாண் இறக்கிவிட்டார். ஆடியில் கட்டியதை அடுத்த ஆடிவரை யாரும் தொடக் கூடாது என்பது வழக்கம், கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அக்கா சந்தனத்தின் மேலேயே கட்டை விரலை வைத்தார். அழவில்லை, சிரித்தார்.

"அப்பாவோட அடிதான் இது," என்றார்.

மாணிக்கம் அண்ணன் ஒலிபெருக்கியை வாங்கினார். சாப்பாட்டுக்கு அழைக்கப் போகிறார் என்று எல்லாரும் எழுந்தார்கள்.

"உக்காருங்க. காத்தமுத்து அண்ணே இரும்ப வித்துட்டாருன்னு சொன்னது நான். வேற யாரும் இல்ல. வித்ததா சொன்ன சாமானுக்கு வருஷா வருஷம் நானே பொட்டு வச்சுக் கும்பிட்டுருக்கேன். தங்கச்சி, மன்னிச்சிரு."

முதலில் ஒருவர் சிரித்தார், அப்புறம் பந்தலே சிரித்தது. ஒரு பெரியவர், தன் மகளுக்குக் கல்யாணம் கூடியது காத்தமுத்துவின் தண்டவாளத்தால்தானா என்று சத்தமாகக் கேட்டார். அக்காவைச் சுற்றிப் பெண்கள் கூடிவிட்டார்கள். கடைசி நாற்காலியில் கைப்பை மட்டும் கிடந்தது.

இதில் யாரையும் முட்டாள் என்று நான் நினைக்கவில்லை. ஒரு பொருளுக்கு மஞ்சள் பூசிவிட்ட பிறகு அதைப் பார்த்து, நீ எங்கிருந்து வந்தாய் என்று கேட்கும் பழக்கம் நமக்குக் கிடையாது. பிரிக்பீல்ட்ஸில் நானும் கேட்கவில்லையே. கேட்க வேண்டிய ஒரே கேள்வி, காத்தமுத்து ஏன் வாய் திறக்கவில்லை என்பதுதான். சாப்பிடும்போது அக்கா தன் கணக்கைச் சொன்னார். மண்ணில் நட்டுவிட்டால் தண்டவாளம் ஒலிக்காது. இனி யாரையும் பெரட்டுக்கு எழுப்ப வேண்டாம் என்று அப்பா நினைத்திருப்பார் என்பது அவர் எண்ணம். எனக்கு வேறு தோன்றியது. தான் திருடவில்லை என்று நிரூபிக்க வேண்டுமானால், நீங்கள் கும்பிடுகிற சாமி என் பெரட்டு மணிதான் என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். புது இடத்தில் பயந்துபோய் வந்து இறங்கிய ஜனங்கள் அதன் முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தபோது, அதை எப்படிச் சொல்வார்? எது சரி என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. வரலாறு இதற்குமேல் சொல்லாது போலிருக்கிறது. மீதியை ஊகிக்கத்தான் நாவல் என்று ஒன்று இருக்கிறது.

திரும்பும் விமானத்தில் பதினான்காவது அத்தியாயத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டு உட்கார்ந்தேன். பதிப்பாளரிடம் திருடனே இல்லாத துப்பறியும் நாவல் என்று சொல்லியிருக்கிறேன். மூன்று நாளாகப் பதில் இல்லை. இருக்கட்டும்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. விசா விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, டிக்கெட் எடுக்கும் முன் பாருங்கள். பிரிக்பீல்ட்ஸில் தங்கினால் எல்லா ரயிலுக்கும் வசதி. கிள்ளானுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், நிலையத்திலிருந்து வாடகைக் காரில் தாமான்களுக்குப் போக இருபது, இருபத்தைந்து ரிங்கிட் ஆகும். பிற்பகலில் மழை வரும், குடை அவசியம். அந்தக் கோயில் எங்கே என்று என்னிடம் கேட்காதீர்கள், கூட்டம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். எந்த மரத்தடிச் சாமியைப் பார்த்தாலும் கும்பிட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம், இது எப்போதிலிருந்து இங்கே இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். முதலில் "சாமி" என்பார்கள். அதோடு விட்டுவிடாதீர்கள்.

வாத்துத் தோட்டத்து ஆட்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அன்றே மாணிக்கம் அண்ணன் பவானி அக்காவை அதில் சேர்த்தார், போனால் போகிறது என்று என்னையும் சேர்த்தார். இத்தனை வருஷமாகக் காலை வணக்கம் அனுப்பிக்கொண்டிருந்தவர் அவர். இனி அது காத்தமுத்து வீட்டு வேலை என்று அக்காவிடம் ஒப்படைத்துவிட்டார். அக்கா தினமும் விடிகாலை சரியாக ஐந்து மணிக்கு அனுப்புகிறார். நம் ஊரில் அப்போது மணி இரண்டரை. தலைமாட்டில் கைப்பேசி அதிர்ந்து தூக்கம் கலைகிறது, எரிச்சலாகத்தான் இருக்கிறது. சத்தத்தை அணைத்து வைக்க மட்டும் இன்னும் மனது வரவில்லை.